பதினேழாவது குழாய்

உடைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
கொயோலில், வேலி போட்ட தொழிற்பேட்டையில்,
காலை ஆறிலிருந்து இரண்டு வரை,
ஒரு முனையை அடைத்து மறுமுனையில் நீலத்தண்ணீர் ஏற்றி
குழாய் எந்த எண்ணில் தோற்கிறது என்று எழுதிக்கொள்வேன்.
பெயர் யோர்லெனி. படிவத்தில் முதல் எழுத்து மட்டும்.

ஜன்னலில் போவாஸ் எரிமலை.
அதை உவமையாக்க வேண்டாம்.
வந்துபோன தணிக்கையாளர் அத்தனை பேரும்
ஆக்கிவிட்டார்கள்.

எங்கோ ஒரு மேஜையில் ஒருவர் படுத்திருப்பார்,
இதயத்தைப் படம் பிடிக்க.
சாயம் பாகு மாதிரி, உடல்சூட்டுக்கு வந்தால்தான் சற்று இளகும்.
இயந்திரம் அதைத் தள்ளுவது இரண்டு மூன்று நொடி.
சதுர அங்குலத்துக்கு ஆயிரத்து இருநூறு பவுண்டு வரை.
சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத இதுதான் தாங்க வேண்டும்.

தாங்கினால் மட்டும் போதாது.
வளைய வேண்டும், மடங்கக் கூடாது.
உள்ளே ஒரு காற்றுக்குமிழி நின்றால்
வெளியிலிருந்து தெரிய வேண்டும்.
உப்பக் கூடாது. இதுதான் பலருக்குப் புரிவதில்லை.
உப்புகிற குழாய்
கொஞ்சத்தைத் தனக்கென்று பிடித்து வைத்துக்கொள்ளும்,
பம்பு நின்ற பிறகு, கேட்பாரில்லாத நேரத்தில்,
மெல்லத் திருப்பித் தரும்.
அதற்குள் படம் எடுத்து முடிந்திருக்கும்.
எனக்கு அப்படி ஒரு மைத்துனன் உண்டு.

ஆகவே சுவருக்குள் பின்னல்.
ஐம்பத்துநான்கு டிகிரி, அதற்கு மேல் முக்காலுக்குச் சற்றுக் குறைய.
அந்தச் சாய்வில் இழை ஓடினால்
அழுத்தம் வந்தாலும் நீளாது, குறுகாது.
யாரும் விதித்த எண் இல்லை,
கணக்கு தானாக வந்து நின்ற இடம்.
சம்பள உயர்வு கேட்கப் போகும்போது
அதை மனதில் சொல்லிக்கொள்வேன்.

சிலவற்றுக்கு முதலில் வயதாக்க வேண்டும்.
ஐம்பத்தைந்து டிகிரி அடுப்பில் எழுபத்துநான்கு நாள்.
இரண்டு வருடம் என்று கணக்கு.
என் கல்யாணத்தையும் அதில் வைத்துப் பார்த்திருக்கலாம்,
ஒன்பது வருடம் மிச்சமாகியிருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இருபது மாதிரிகள்.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து. டப்.
இரண்டாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு. டப்.
எண்ணைப் பார்க்காமலே சத்தத்தில் சொல்லிவிடுவேன்.
பதினேழாவது வெடிக்கவில்லை, இருமியது.
ஆயிரத்து நூற்று நாற்பது.
குழாய் முழுசாக இருந்தது.
இணைப்பு மட்டும் கழன்று,
தடுப்புக் கண்ணாடி முழுக்க நீலம்.

எலாதியோ வந்தார். ஷிப்டுக்கு அவர்தான் பொறுப்பு.
"கிளாம்பு சரியாகப் பிடிக்கவில்லை.
இன்னொன்று போடு, எண் பதினேழு என்றே எழுது."
அவர் கெட்டவர் இல்லை.
வெள்ளிக்கிழமை போனஸ் எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

நுண்ணோக்கியில் வைத்தேன்.
முக்கால் வட்டம் பசை கிழிந்த தடம், சொரசொரவென்று.
கால் வட்டம் பளபளவென்று வெறுமை.
பசை அங்கே போகவே இல்லை.
அவரையும் குனிந்து பார்க்கச் சொன்னேன்.
நெடுநேரம் பார்த்தார்.
நிமிர்ந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு
ஒன்றும் சொல்லாமல் போனார்.

ஆறாயிரத்து நானூறு குழாய்கள் கூழாகப் போயின.

பசை வரிசையில் மரியெலோஸ்.
நாலு வருடம் பேருந்தில் என் பக்கத்து இருக்கை.
அந்த வாரம் முன்னால் போய் உட்கார்ந்தாள்.
பக்கத்தில் என் பை மட்டும் வந்தது.
மழை இரண்டு மணிக்குச் சொன்னபடி பெய்தது,
வைப்பர் நின்று நின்று ஓடியது.
நான் யாரைக் காப்பாற்றினேன் என்று எனக்கே தெரியாது.
நடக்காமல் போனதற்குத் தொகுதி எண் கிடையாது,
தேடிப் போய் விசாரிக்க.

பத்தாம் நாள் பையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.
"மூன்றாம் ஊசி முனை அடைத்திருந்தது," என்றாள்.
"தெரியும்."
"நான் சொல்லியிருந்தேன். எழுதித் தரவில்லை."
அது எனக்குத் தெரியாது.

அலஹுவேலா வரும்வரை
இருவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்,
ஜன்னலில் ஒரு துளி
எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல்
நடுங்கிக்கொண்டிருந்ததை.